கவுண்டித் தேர்தல் அதிகாரி: ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, நியமிப்பதா?

கேள்வி கேட்ட நண்பர் டெக்சாஸில் ஒரு சிறு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறார். அங்கே இத்தனை காலமும், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி கிளார்க்கே தேர்தலையும் நடத்திவந்திருக்கிறார். இப்போது அந்தப் பொறுப்பை நியமன அதிகாரி ஒருவரிடம் கொடுக்கலாமா என்று கவுண்டி நிர்வாகம் யோசிக்கிறது. “நம் ஊரில் கலெக்டர்தானே நடத்துகிறார், அவருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லையே, அதுதானே ஒழுங்கு? பக்கத்து வீட்டுக்காரரோ இது மக்கள் உரிமையைப் பறிப்பது என்கிறார். யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறார். தேர்ந்தெடுப்பதா நியமிப்பதா என்று கேட்டாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு. தோற்ற கட்சிக்காரர்கள் கோபத்தோடு வந்து நிற்கும் அன்று, இந்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? நான் சொல்லப் போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டில் வருவாய்த்துறையில் வேலை பார்த்தேன். அதில் பல ஆண்டுகள் தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில். இங்கே வந்து குடியுரிமை வாங்கிய பிறகு டெக்சாஸில் வாக்குச்சாவடி வேலைக்குப் போய்வருகிறேன். டெக்சாஸ் நடைமுறை நேரில் பழகியது. மற்ற மாநிலங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் விடாமல் கவனித்தும் தெரிந்துகொண்டது. வழக்கறிஞர் இல்லை; வழக்குப் போடும் அளவுக்கு என் பேச்சை நம்பிவிட வேண்டாம்.

முதலில், இன்று இருக்கும் ஏற்பாடு. டெக்சாஸில் 254 கவுண்டிகள். சட்டப்படி இயல்பான ஏற்பாடு என்னவென்றால், தேர்தலை நடத்துவது கவுண்டி கிளார்க். வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்வது வரி வசூல் அதிகாரி. இருவரும் கட்சிச் சின்னத்தில் நின்று நான்காண்டுக்கு ஒருமுறை ஜெயித்து வருபவர்கள். வரி அலுவலகத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு காலத்தில் இங்கே ஓட்டுப் போடுவதற்கே வரி கட்ட வேண்டும். கட்டிய ரசீதுதான் வாக்காளர் என்பதற்கு அத்தாட்சி. கறுப்பின மக்களையும் ஏழைகளையும் வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்த அந்த வரி 1966இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. பட்டியல் மட்டும் வரி அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

கிளார்க்குக்குத் தேர்தல் ஒன்றுதான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நிலப் பத்திரப் பதிவு, திருமண உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு, கவுண்டி நீதிமன்றக் கோப்புகள் எல்லாம் அவர் தலையில்தான். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் மாவட்ட நீதிமன்ற கிளார்க் வேலையும் பொதுவாக அதே ஆளிடம் வந்து சேரும். லவிங் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 64 பேர். அங்கும் தேர்தல் நடந்தாக வேண்டும். ஹியூஸ்டன் நகரத்துக்குப் பொருந்தும் அதே தேர்தல் சட்டம்தான் அங்கும்.

வேலை என்றால் எப்படிப்பட்ட வேலை? ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். தேர்தலுக்கு முன் எண்ணும் இயந்திரங்களுக்குப் பகிரங்கச் சோதனை நடத்த வேண்டும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பொது அறிவிப்புப் போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்து வைக்க வேண்டும். வாக்குச்சீட்டுகளைக் கையால் குறித்து ஒரு கட்டு தயார் செய்வார்கள். யாருக்கு எத்தனை என்பது முன்கூட்டியே காகிதத்தில் எழுதியிருக்கும். அதில் வேண்டுமென்றே ஒரு பதவிக்கு இருவரைக் குறித்த சீட்டு, எதையுமே குறிக்காத சீட்டு எல்லாம் கலந்திருக்கும். முதலில் இயந்திரம் சுழியம் காட்டும் காகிதச் சுருளை அடித்துக் காட்ட வேண்டும். பிறகு கட்டை ஓட்ட வேண்டும். கணக்கு ஒரே ஒரு ஓட்டு பிசகினாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. எத்தனையோ முறை காரணம் அற்பமாக இருக்கும்: சீட்டைக் குறித்தவரின் பேனா கட்டத்துக்கு வெளியே போயிருக்கும். ஆனால் அதைத் தேடிப் பிடிக்கும் பொறுமையும், இயந்திரத்தின் போக்கும் தெரிந்த ஆள் வேண்டும். இத்தனைக்கும் முந்தைய கட்டமான வாக்குச்சீட்டுத் தயாரிப்பு இன்னும் சள்ளை. பள்ளி மாவட்டம், மருத்துவமனை மாவட்டம், தண்ணீர் மாவட்டம் (ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனித் தேர்தல்) என்று எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால், ஒரே சாலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதச் சீட்டு தேவைப்படலாம். வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்கு 45 நாள் முன்பே அது தபாலில் போயாக வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்.

இப்படிப்பட்ட வேலைக்குத்தான் டெக்சாஸ் சட்டம் இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. கவுண்டியின் ஆட்சிக்குழு, அதாவது கமிஷனர்ஸ் கோர்ட், ஒரு தீர்மானம் போட்டு ‘எலெக்ஷன்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பதவியை உருவாக்கலாம். கிளார்க்கிடமும் வரி அதிகாரியிடமும் பிரிந்து கிடக்கும் தேர்தல் வேலைகள் ஒரே ஆளிடம் வந்து சேரும். ஏறத்தாழ பாதிக் கவுண்டிகள் இந்த வழிக்கு மாறிவிட்டன. இதன் பக்கம் இருக்கும் நியாயம் வலுவானது. கிளார்க் தன் பெயரே அச்சாகும் வாக்குச்சீட்டைத் தானே தயாரித்து, தன் ஓட்டைத் தானே எண்ணும் சங்கடம் இதில் இல்லை. கிளார்க்காக நிற்பவர் அதே கவுண்டிக்காரராக இருக்க வேண்டும். நியமன அதிகாரிக்கு டெக்சாஸ் வாக்காளராக இருந்தால் போதும். சில ஆயிரம் பேர் வாழும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை, அனுபவசாலியை வெளியிலிருந்து கொண்டுவர முடியும். நியமன அதிகாரி எந்தத் தேர்தலிலும் நிற்கக் கூடாது, கட்சிக்கு நன்கொடை தரக் கூடாது, ஒரு வேட்பாளரை வெளிப்படையாக ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. தேர்தலில் நின்றால் பதவி போய்விடும், மற்ற இரண்டையும் மீறினால் கிரிமினல் குற்றம். கிளார்க்குக்கு அப்படிப்பட்ட தடை இல்லை, கட்சி வேட்பாளராகவே நிற்பவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கவலைக்கும் சட்டம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டரை நியமிப்பது கமிஷனர்கள் இல்லை, ஒரு தனிக் குழு. அதில் கவுண்டி ஜட்ஜ் (இவர் பெயருக்குத்தான் நீதிபதி, நடைமுறையில் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர்), கிளார்க், வரி அதிகாரி, ஜனநாயகக் கட்சியின் கவுண்டித் தலைவர், குடியரசுக் கட்சியின் கவுண்டித் தலைவர் என ஐந்து பேர். நியமிக்க மூன்று ஓட்டு போதும். நீக்க வேண்டுமென்றால் தகுந்த காரணம் இருக்க வேண்டும், ஐந்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் கமிஷனர்ஸ் கோர்ட்டும் பெரும்பான்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே வருவது எளிது, வெளியே தள்ளுவது கடினம். தேர்தல் அதிகாரிக்கு வேண்டிய பாதுகாப்பு இதுதான்.

ஆனால் வாசலுக்கு இத்தனை பெரிய பூட்டைப் போட்ட அதே சட்டம் கொல்லைப்புறக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறது. ஆளை நீக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. அந்தப் பதவியையே கமிஷனர்ஸ் கோர்ட் எப்போது வேண்டுமானாலும் ஒரு தீர்மானத்தில் ஒழித்துவிடலாம். மாநில சட்டசபையும் செய்யலாம். 2023இல் 35 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டிகளில் இந்தப் பதவி கூடாது என்று சட்டம் போட்டார்கள். டெக்சாஸில் அந்த அளவுள்ள கவுண்டி ஹாரிஸ் ஒன்றுதான், ஹியூஸ்டன் இருக்கும் இடம். வேலை திரும்பவும் கிளார்க்கிடமும் வரி அதிகாரியிடமும் போய்விட்டது.

கிராமப்புறத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஹூட் கவுண்டியைப் பாருங்கள். 2020இல் டிரம்ப் அங்கே சுமார் 81 சதவீத ஓட்டு வாங்கினார். வேறொரு டெக்சாஸ் கவுண்டியில் இதே வேலையைப் பார்த்து அனுபவம் பெற்ற மிஷெல் கேரூ அங்கே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தார். ஜெயித்த கட்சிக்காரர்களிலேயே ஒரு பிரிவு அவரை நீக்கக் கிளம்பியது. நியமனக் குழுவில் அதற்கு ஆதரவு போதவில்லை. குடியரசுக் கட்சிக்காரரான கவுண்டி ஜட்ஜே அவர் பக்கம் நின்றார். சட்டத்தின் பூட்டு தாங்கியது. ஆனாலும் 2021 அக்டோபரில் அவராகவே ராஜினாமா செய்தார். கில்லெஸ்பி கவுண்டியில் 2022 ஆகஸ்டில் அதைவிட மோசம்: கொலை மிரட்டல்களையும் பின்தொடரல்களையும் சொல்லி அட்மினிஸ்ட்ரேட்டரும் அலுவலகம் மொத்தமும் விலகிப்போனார்கள். அந்த நவம்பர் தேர்தலைக் கிளார்க் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. வேலை நீக்கத்துக்குச் சட்டம் பூட்டுப் போடலாம். ஒரு மனுஷியைச் சலிக்க வைத்து அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் பூட்டுப் போட்டதில்லை.

அப்படியானால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பலமானவரா? பலமானவர்தான், நல்லதுக்கும் கெட்டதுக்கும். கொலராடோவில் மேசா கவுண்டி கிளார்க் டீனா பீட்டர்ஸ் 2021இல் வாக்கு இயந்திரத்தின் உள்தகவல்களை வெளியாள் நகலெடுக்க வழிசெய்தார். கடவுச்சொற்கள் இணையத்தில் வந்தன. அவரை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியவில்லை, காரணம் அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. நீதிமன்றம் அவரைத் தேர்தல் நடத்தக் கூடாதென்று தடுத்து, வேறொருவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது. ஆனால் கிளார்க் பதவியில் அவர் 2023 ஜனவரியில் காலம் முடியும்வரை இருந்தார். 2024இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, ஒன்பது ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. இதைச் சொல்லி ‘பார்த்தீர்களா, நியமனம்தான் மேல்’ என்று முடிப்பவர்கள் ஜார்ஜியாவின் காஃபி கவுண்டியை மறந்துவிடுகிறார்கள். 2021 ஜனவரி 7 அன்று அங்கே தேர்தல் அலுவலகத்துக்குள் வெளியாட்கள் வந்து மென்பொருளை நகலெடுத்தார்கள், எல்லாம் கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. அந்த அலுவலகத்தை நடத்தியவர் கவுண்டித் தேர்தல் வாரியம் நியமித்தவர். ஒரே வித்தியாசம், அவர் அடுத்த மாதமே வேலையில் இல்லை. அதுகூட இந்த விஷயத்துக்காக இல்லை, வருகைப் பதிவில் பொய் எழுதியதாகச் சொல்லி. ஆக, தப்புச் செய்யும் ஆளை எந்த முறையும் முன்கூட்டித் தடுத்துவிடவில்லை. தப்புக்குப் பிறகு எத்தனை வேகமாக வெளியே அனுப்ப முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேகம் நல்ல அதிகாரியையும் அதே மாதிரி அனுப்பிவிடும் என்பது அதன் மறுபக்கம்.

மறுபக்கத்துக்கு அரிசோனாவின் கோச்சிஸ் கவுண்டி. மெக்சிகோ எல்லையோரம், மூன்று பேர் கொண்ட ஆட்சிக்குழு. தேர்தல் இயக்குநரை நியமிப்பது அந்த மூவரே. 2022இல் அவர்களில் இருவர் எல்லா ஓட்டையும் கையால் எண்ண வேண்டும் என்றார்கள். இயக்குநர் லிசா மாரா, சட்டம் அனுமதிக்கவில்லை என்று மறுத்தார். நீதிமன்றமும் அப்படி எல்லாவற்றையும் கையால் எண்ணக் கூடாதென்றது. பிறகு அதே இருவர், தள்ளிப்போடுவதற்கு ஓட்டுப் போட்டு, முடிவுகளுக்கு உரிய தேதியில் சான்றளிக்கவில்லை. நீதிபதி உத்தரவிட்ட பிறகே கவுண்டி சான்றளித்தது. மாரா 2023 ஜனவரியில் விலகினார். ஆட்சிக்குழு தேர்தல் பொறுப்பை, மக்கள் தேர்ந்தெடுத்த பதிவாளரிடம் தூக்கிக் கொடுத்தது. மாநில அட்டர்னி ஜெனரல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். இங்கே நியமனம் நடுநிலையைக் கொடுத்ததா? அதிகாரி நடுநிலையாகத்தான் நடந்தார். சம்பளம் கொடுப்பவர்களும் உத்தரவு போடுபவர்களும் அதே மூவராக இருந்ததால் அந்த நடுநிலைக்கு ஆயுள் இல்லாமல் போயிற்று.

கலிபோர்னியாவின் வடபகுதியில் ஷாஸ்டா கவுண்டியிலும் இப்படித்தான். அங்கே கிளார்க் பதவி தேர்தல் பதவிதான். ஆனால் பல முறை ஜெயித்துவந்த கேத்தி டார்லிங் ஆலன் உடல்நிலை காரணமாக 2024இல் ஓய்வு பெற்றதும், மீதிக் காலத்துக்கு ஆள் போடும் உரிமை ஆட்சிக்குழுவுக்கு வந்தது. அலுவலகத்தில் நீண்ட அனுபவம் உள்ள துணை அதிகாரியை விட்டுவிட்டு, தேர்தல் நடத்திப் பழக்கமில்லாத ஒரு வழக்கறிஞரை 3–2 என்று நியமித்தார்கள். அவரும் போன பிறகு, 2025இல் புளோரிடாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கறிஞரை மறுபடியும் 3–2. பல மாநிலங்களில் தேர்தல் பதவிக்குள் இப்படி ஒரு நியமனம் ஒளிந்திருக்கிறது. காலி இடம் விழும்போதுதான் கண்ணில் படும்.

நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். வட கரோலினாவின் சர்ரி கவுண்டி, சிற்றூர்ப் பகுதி. 2022இல் அங்கே குடியரசுக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் தேர்தல் இயக்குநர் மிஷெல்லா ஹஃபிடம் வந்து, வாக்கு இயந்திரத்தைப் பார்க்க விடாவிட்டால் வேலை போகும், சம்பளம் குறையும் என்ற ரீதியில் மிரட்டினார். அவர் விடவில்லை, வேலையும் போகவில்லை. அங்கே இயக்குநரை நீக்க வேண்டுமென்றால் கவுண்டித் தேர்தல் வாரியம் பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவெடுப்பவர் மாநிலத் தேர்தல் வாரியத்தின் நிர்வாக இயக்குநர். ஊருக்குள் எத்தனை செல்வாக்கு இருந்தாலும் கை அங்கே எட்டவில்லை. அந்த மாநில வாரியத்தையே யார் நியமிப்பது என்பதில் மாநிலத் தலைநகர் ரெலெயில் அடுத்தடுத்து நடந்த இழுபறி தனிக் கதை, அதற்குள் இப்போது போகவில்லை.

இதில் உறுதியாகச் சொல்லக் கூடியது எது, ஊகம் எது என்று பிரித்துவிடுகிறேன். தேர்தல் அதிகாரி கட்சிக்காரராக இருப்பதால் அவர் கட்சிக்கு ஓட்டு கூடிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் மெலிவு. கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 5,900 கிளார்க் தேர்தல்களைத் திரட்டி, மயிரிழையில் ஜனநாயகக் கட்சி ஜெயித்த கவுண்டிகளையும் குடியரசுக் கட்சி ஜெயித்த கவுண்டிகளையும் ஒப்பிட்டார்கள். முடிவுகளிலும் வாக்குப்பதிவிலும் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே ‘அவர் அந்தக் கட்சி, கவிழ்த்துவிடுவார்’ என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நியமனம் வந்தால் வேலை திறமையாக நடக்கும் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது, கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆனால் நியமனத்துக்கு மாறும் கவுண்டிகள் பொதுவாக வளர்ந்துகொண்டிருக்கும், கையில் காசுள்ள கவுண்டிகள். திறமை நியமனத்தால் வந்ததா காசால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆள் மாற்றம் கூடிவிட்டது என்பது மட்டும் உறுதி: அமெரிக்காவில் நான்காண்டு இடைவெளியில் உள்ளூர்த் தலைமைத் தேர்தல் அதிகாரி மாறிய இடங்கள் 2004இல் சுமார் 28 சதவீதம், 2022இல் 39.

கலெக்டர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். உங்கள் உள்ளுணர்வு எனக்குப் புரிகிறது, நானும் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவன். ஆனால் கலெக்டர் நியமன அதிகாரி என்பதால் மட்டும் அது ஓடவில்லை. தேர்தல் அறிவிக்கை வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும்வரை அவர் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாக 1951ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. அந்த நாட்களில் கோட்டையிலிருந்து வரும் போனுக்கும் டெல்லியிலிருந்து வரும் போனுக்கும் உள்ள எடை வித்தியாசம் தேர்தல் பிரிவில் இருந்த எவருக்கும் தெரியும். டெக்சாஸ் கவுண்டிக்கு அப்படி ஒரு டெல்லி கிடையாது. மாநில அளவில் தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் வழிகாட்டும், பயிற்சி தரும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதுபோக, நம் ஊர் நியமனமும் எல்லா நோய்க்கும் மருந்தாக இருந்ததில்லை. மாநிலத் தேர்தல் ஆணையரை உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும், அரசியல் சட்டமே சொல்கிறது. இருந்தும் 2016 அக்டோபரில் காலம் முடிந்த தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இட ஒதுக்கீடு, வார்டு வரையறை, வழக்கு என்று ஒவ்வொரு காரணமாக மூன்று ஆண்டு தனி அலுவலர்கள் ஆட்சி. பதவிப் பாதுகாப்பு முதுகெலும்பைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உங்கள் கவுண்டியைப் பொறுத்தவரை என் சாய்வு நியமனத்தின் பக்கம், ஒரு நிபந்தனையோடு. இப்போதைய கிளார்க் ஓய்வு பெறுகிறார், அடுத்து நிற்க ஆளில்லை, அல்லது கவுண்டி வளர்ந்து வேலை மூச்சு முட்டுகிறது என்பதற்காக மாறுகிறார்கள் என்றால் ஆதரியுங்கள். கடந்த தேர்தல் முடிவு பிடிக்காமல் கிளார்க்கிடமிருந்து வேலையைப் பிடுங்க மாறுகிறார்கள் என்றால் எதிர்த்துப் பேசுங்கள். அந்தக் காரணத்துக்காக உருவாக்கும் பதவியை அடுத்த கோபத்தில் அவர்களே ஒழிப்பார்கள். கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. நியமனக் குழுவின் ஐந்து இடத்தில், இரண்டு கட்சிகளில் உங்கள் கவுண்டியில் பலம் குறைந்த கட்சியின் தலைவர் இடம் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிராமக் கவுண்டிகளில் அது காலியாகவே கிடப்பதுண்டு, கிடந்தால் குழு முழுக்க ஒரே கட்சி. சம்பளத்துக்கு எத்தனை டாலர் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். குறைந்த சம்பளத்துக்கு வெளியூர் அனுபவசாலி வரமாட்டார், அப்புறம் இந்த மாற்றத்துக்கே அர்த்தமில்லை. கடைசியாக, கிளார்க் அலுவலகத்தில் இத்தனை வருடம் வாக்குச்சீட்டைச் சரிபார்த்துவந்த துணை கிளார்க் புது அலுவலகத்துக்கு மாற்றப்படுவாரா என்று பெயரைச் சொல்லாமல் கேளுங்கள். எந்தச் சாலையின் எந்தப் பக்கம் எந்தத் தண்ணீர் மாவட்டம் என்பது பெரும்பாலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.